அண்டை வீட்டாரின் உறக்கமும் நம் வண்டியின் சைலன்ஸரும்

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் நடைபெற்ற மஹல்லாக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய தலைப்பைக் கேட்டவுடன் சிலர் புன்னகைத்தீர்கள். தொழுகையைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் பேச வேண்டிய இடத்தில், சுமை வண்டியின் சைலன்ஸரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். நம் ஜமாஅத்தில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் பலர். வண்டி பழுது பார்த்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இருசக்கர வாகனம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவில் அவன் திரும்பும் வரை வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கும் தகப்பன்மார்களும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரும் என்றேனும் ஒரு நாள் ஒரு கடையின் முன் நின்று, பழைய சைலன்ஸரைக் கழற்றிவிட்டு எதை மாட்டுவது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த முடிவில் பிற மனிதர்களின் உரிமை அடங்கியிருக்கிறது. பிற மனிதர்களின் உரிமை எங்கே இருக்கிறதோ, அங்கே மார்க்கத்திற்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நம் ஊரும் நம் வண்டிகளும்

நமது பொத்தேரி, ஜி.எஸ்.டி. சாலையையும் இரயில் பாதையையும் ஒட்டி அமைந்த ஊர். வடக்கே கூடுவாஞ்சேரி, தெற்கே காட்டாங்குளத்தூரும் மறைமலை நகரும், மேற்கே ஒரகடம். வண்டி செய்வதும் வண்டி ஓட்டுவதும் இந்த வட்டாரத்தின் வாழ்வோடு கலந்தவை. மறைமலை நகரின் ஃபோர்டு ஆலையில் 2022 ஆம் ஆண்டு வரை கார்கள் உருவாயின. ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகி வருகின்றன. வாகனங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே அமைந்த தேசிய அளவிலான ஆராய்ச்சி மையம் ஒன்றும் ஒரகடத்தில் இயங்குகிறது. ஆகவே வண்டியைப் பற்றி உங்களில் பலர் என்னைவிட நன்கு அறிந்தவர்கள்.

2005 ஆம் ஆண்டு டாடா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறு சுமை வண்டியை அறிமுகப்படுத்தியது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டினார்கள். 2011 இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. மஹிந்திராவின் பிக்கப் வண்டிகளும் பெருகின. கூலிக்கு வண்டி ஓட்டியவர் சொந்த வண்டிக்கு உரிமையாளரானார். மூன்று சக்கர வண்டியிலும் மாட்டு வண்டியிலும் சென்ற சுமைகள் இவற்றுக்கு மாறின. அல்ஹம்துலில்லாஹ், பல குடும்பங்களின் அடுப்பு இவற்றால் எரிகிறது.

அதே வேளையில், லாரி நுழையாத சந்துகளுக்குள்ளும் இந்த வண்டிகள் நுழைந்துவிட்டன. கோயம்பேடு சந்தைக்குக் காய்கறி எடுக்கச் செல்பவர் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு வண்டியைக் கிளப்புகிறார். அந்த வண்டி நிற்குமிடத்திற்கும் அடுத்த வீட்டுத் தொட்டிலுக்கும் இடையில் ஒரு செங்கல் சுவர்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். சாலையின் மறுபுறம் பெரிய மருத்துவமனை ஒன்றும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நம் அண்டை வீட்டாரில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். ஆகவே நம் வண்டியின் சத்தம் நம்முடைய சொந்த விஷயமாக மட்டும் இருக்க வழியில்லை.

சைலன்ஸர் செய்யும் வேலை

என்ஜினுக்குள் எரிபொருள் எரிகிறது. எரிந்த வாயு, வெளிச்செல்லும் வால்வு திறந்ததும் பெரும் அழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. நிமிடத்திற்கு 3000 சுற்று சுழலும் இரண்டு சிலிண்டர் என்ஜினில் இது விநாடிக்கு 50 முறை நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் அது ஒரு சிறு வெடிப்புக்கு ஒப்பானது. அதை அப்படியே தெருவில் விட்டால் மனிதர் அருகில் நிற்க இயலாது. மோட்டார் வாகனங்கள் தோன்றிய காலத்திலேயே இதை உணர்ந்துவிட்டார்கள். 1897 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் என்ஜின் சத்தத்தை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் சைலன்ஸர் ஒரு தகர உருளை. அதன் உள்ளே அறைகளும், துளையிட்ட குழாய்களும், தடுப்புத் தகடுகளும் கணக்கிட்டு அமைக்கப்பட்டிருக்கின்றன. வாயு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும்போது விரிந்து அழுத்தம் குறைகிறது. ஒலி அலைகள் சுவர்களில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலைகளோடு மோதித் தம்மைத் தாமே அழித்துக் கொள்கின்றன. சிலவற்றில் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்து எஞ்சிய ஒலியை உறிஞ்சச் செய்கிறார்கள். எந்த என்ஜினுக்கு எந்த நீளத்தில், எந்த விட்டத்தில் குழாய் வேண்டும் என்பதை வண்டியை வடிவமைத்தவர் சோதித்துத் தீர்மானிக்கிறார்.

பிற்காலத்தில் இதே குழாய் வழியில் வேறொரு பொறுப்பும் சேர்ந்தது. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 'கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்' எனும் வினையூக்கிப் பெட்டி கட்டாயமாயிற்று. நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுவது அதன் பணி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 தரம் நடைமுறைக்கு வந்தபின், டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டியும், அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து சொல்லும் உணரிகளும் இடம்பெற்றன. ஆகவே இன்றைய வண்டியில் அந்தக் குழாய் ஒலியையும் புகையையும் சேர்த்தே காவல் காக்கிறது.

மாற்றுவதற்கான மூன்று காரணங்கள்

சைலன்ஸரை மாற்றுபவர்கள் பொதுவாக மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். அவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துக் குறை கூறுவது நியாயமாகாது.

முதற்காரணம் துரு. எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. குறுகிய தூரம் ஓட்டி அடிக்கடி நிறுத்தும் வண்டியில் குழாய் போதிய அளவு சூடேறுவதில்லை. நீர் உள்ளேயே தங்கி, உட்புறத்திலிருந்து அரிக்கிறது. மழைக்காலத்தில் நம் தெருக்களில் தேங்கும் நீர் வெளிப்புறத்திலிருந்து அரிக்கிறது. சில ஆண்டுகளில் ஓட்டை விழுந்து வண்டி உறுமுகிறது. அப்போது சைலன்ஸரை மாற்றுவது தவறன்று. மாற்றாமல் ஓட்டுவதே தவறு. நிறுவனத்தின் அசல் பாகத்திற்கு விலை அதிகம். கடையில் கிடைக்கும் பிற தயாரிப்பு மலிவு. விலை குறைந்ததை நாடும் ஏழை ஓட்டுநரை நாம் இகழக் கூடாது. அவரிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: நீங்கள் வாங்கும் பாகம், பழையது செய்த வேலையைச் செய்யுமா? உள்ளே அறைகளும் தடுப்புகளும் இருக்கின்றனவா, வெறும் குழாயை உருளை போல் சுற்றி விற்கிறார்களா? வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும். கையில் எடுத்தால் எடையிலேயே ஓரளவு தெரிந்துவிடும் என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அறிந்த செய்தி.

இரண்டாவது காரணம், இழுவையும் மைலேஜும் கூடும் என்ற நம்பிக்கை. பந்தய வண்டிகளைப் பார்த்து வந்த எண்ணம் இது. பந்தய வண்டியில் என்ஜின், எரிபொருள் அளவு, காற்று வழி, புகை வழி அனைத்தையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். அன்றாடம் அரிசி மூட்டையும் தண்ணீர்க் கேனும் ஏற்றும் வண்டியில் கடைசிக் குழாயை மட்டும் மாற்றுவதால், சுமையோடு ஏற்றம் ஏறும்போது உணரத்தக்க பயன் கிடைப்பதில்லை. சில வண்டிகளில் குறைந்த வேகத்தில் இழுவை குறையவும் கூடும். பி.எஸ். 6 வண்டியில் வடிகட்டியை அறுத்து எடுத்தால் உணரிகள் தவறு காட்டும். முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரியும். என்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக் கொள்ளும். சத்தம் கூடியதால் வேகம் கூடியதாகக் காதுக்குத் தோன்றுகிறது. சக்தியைக் காதால் அளக்க இயலாது.

மூன்றாவது காரணம், சத்தத்திற்காகவே மாற்றுவது. இது பெரும்பாலும் இளைஞர்களின் மோட்டார் சைக்கிளில் நிகழ்கிறது. அண்மைக் காலமாகச் சுமை வண்டிகளிலும் காண்கிறோம். நன்றாக இருக்கும் சைலன்ஸரைக் கழற்றி, பணம் கொடுத்துப் பேரொலி எழுப்பும் குழாயை மாட்டுகிறார்கள். தன் வருகையைத் தெரு முழுவதும் அறிய வேண்டும் என்ற ஆசையைத் தவிர இதற்கு வேறு காரணம் கூற முடியவில்லை.

யாருக்கு என்ன கேடு?

ஒலியை டெசிபல் என்னும் அலகால் அளக்கிறார்கள். இந்த அளவு சாதாரணக் கூட்டல் போன்றதன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது. நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இரவாகக் கொள்ளப்படுகிறது. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதிப் பகுதி. அங்கே பகலில் 50, இரவில் 40. ஐரோப்பிய நாடுகளுக்காக உலக சுகாதார அமைப்பு 2018 இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், சாலைப் போக்குவரத்தின் இரவு ஒலி 45 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றே கூறப்பட்டுள்ளது.

இதற்குக் காரணம் எரிச்சல் மட்டுமன்று. உறங்குபவர் விழித்துக் கொள்ளாவிட்டாலும் திடீர் ஒலிக்கு அவர் உடல் பதில் சொல்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழும்போது இரத்த அழுத்தமும் இதய நோயும் பெருகுகின்றன என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. கைக்குழந்தையின் தாய்க்கும், அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்கும் இதை ஆராய்ச்சியாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் முதல் பாதிப்பு ஓட்டுபவருக்கே. எட்டு மணி நேரம் தொடர்ந்து 85 டெசிபலுக்கு மேல் கேட்பவரின் செவித்திறன் நாளடைவில் குறைகிறது. மூன்று டெசிபல் கூடி 88 ஆனால், நான்கு மணி நேரத்திலேயே அதே அளவு கேடு சேர்ந்துவிடுகிறது. தெருவில் இருப்பவருக்கு அந்தச் சத்தம் ஒரு நிமிடம். ஓட்டுநருக்கு அது நாள் முழுவதும். இழந்த செவித்திறன் மருந்தால் மீள்வதில்லை. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலியும் அவருக்குக் கேட்காமல் போகிறது.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. அளவு பொருந்தாத குழாயை வெட்டி ஒட்டும்போது இணைப்பில் கசிவு உண்டாகலாம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இருக்கைக்கு அடியிலேயே என்ஜின் உள்ள சிறு வண்டிகளில், கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உறங்கும் ஓட்டுநருக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்ப மாட்டாமல் விட்டால், அருகில் செல்லும் மின்கம்பியும் தொங்கும் தார்ப்பாயும் தீப்பற்ற இடமுண்டு.

பொருள் இழப்பும் இருக்கிறது. வினையூக்கிப் பெட்டிக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. 2021 ஆம் ஆண்டளவில் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்ஸர்கள் இதற்காகவே தொடர்ந்து திருடப்பட்ட செய்திகள் வந்தன. தன் வண்டியிலிருந்து கழற்றியதைப் பழைய இரும்பு என்று எண்ணிக் கடையிலேயே விட்டுவிட்டு வருபவர், தன் சொத்தை அறியாமல் இழக்கிறார்.

சட்டம் சொல்வது

சட்டத்தை மதிப்பது நாம் இந்நாட்டோடு செய்துள்ள உடன்படிக்கை. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120 ஆவது விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலன்ஸர் இருக்க வேண்டும் என்கிறது. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்து ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது.

அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அனுமதியில்லாத பாகத்தைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒலி, புகை வரம்புகளை மீறி வண்டியை ஓட்டுபவருக்கு முதன்முறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் இழக்கவும் நேரும். மோட்டார் சைக்கிள்களுக்கு, தயாரிப்பு நிலையிலேயே 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80 என்ற வரம்பு 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆலையிலிருந்து வெளிவரும் வண்டி இவ்வாறு சோதிக்கப்பட்டே வருகிறது. அதைக் கெடுப்பது வாங்கிய நாம்தான். விசாகப்பட்டினத்தில் 2024 ஆம் ஆண்டு, பறிமுதல் செய்த நூற்றுக்கணக்கான சைலன்ஸர்களைக் காவல்துறையினர் சாலையில் பரப்பி ரோடு ரோலரால் நசுக்கினார்கள். அவற்றில் நசுங்கியது யாரோ சில தகப்பன்மார்களின் உழைப்பும்தான்.

எஃப்.சி. நாளில் ஒரு முகம்

சகோதரர்களே, இன்று நான் சொல்ல வந்ததில் மிக முக்கியமானது இதுதான். சரக்கு வண்டிகள் எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுகளுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அந்த நாளில் வீட்டு மூலையில் கிடக்கும் அசல் சைலன்ஸரை எடுத்து மாட்டி, சான்று பெற்று, மறுநாள் மீண்டும் கழற்றிப் பேரொலிக் குழாயை மாட்டும் வழக்கம் சிலரிடம் இருப்பதைத் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள். அவர்கள் இதைத் திறமை என்று கருதுகிறார்கள்.

இதை மார்க்கத்தின் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு பொருளின் குறையை மறைத்து நல்லதைக் காட்டுவதை நம் இமாம்கள் வணிகப் பாடத்தில் மோசடி என்று வகுத்திருக்கிறார்கள். ஈரத் தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பிய வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். ஆய்வாளரிடம் ஒரு வண்டியைக் காட்டித் தெருவில் வேறொரு வண்டியை ஓட்டுவது அதற்கு எவ்வகையில் வேறுபடுகிறது? அந்தச் சான்றிதழ், இந்த வண்டியால் உங்களுக்குத் தீங்கில்லை என்று பொதுமக்களுக்கு அளிக்கப்படும் வாக்கு. அந்த வாக்கைப் பொய்யாக்கிக்கொண்டு ஈட்டும் கூலியில் பரக்கத்தை எதிர்பார்ப்பது எப்படி?

நடையும் குரலும்

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைத் திருக்குர்ஆனின் 31 ஆவது அத்தியாயத்தில் ஓதுகிறோம். அதில் நடையில் நடுநிலையும் குரலில் தாழ்வும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன. இன்று நம் நடை பெரும்பாலும் வண்டியில்தான். அந்த நடைக்கு ஒரு குரல் உண்டென்றால் அது சைலன்ஸர் வழியே வெளிவரும் ஒலிதான். தன் தொண்டையை அடக்கிக் கொண்டவர், தன் வண்டியைக் கத்தவிட்டால் அந்த உபதேசத்தில் பாதியை விட்டவராகிறார்.

ஃபிக்ஹு நூல்களிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' எனும் சட்டத் தொகுப்பில், அண்டை வீட்டாருக்கு விளையும் பெருந்தீங்கை எவ்வாறேனும் நீக்கியாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. வீட்டை ஒட்டி அமைத்த கொல்லன் பட்டறையின் சம்மட்டி அடியாலும், ஆலையின் சுழற்சியாலும் பக்கத்து வீடு அதிர்வதை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறியிருக்கிறார்கள். பட்டறை வைப்பது ஹலாலான தொழில். இடம் அவருக்கே சொந்தம். ஆயினும் அவர் உரிமை அடுத்தவர் சுவரோடு முடிந்துவிடுகிறது. மோட்டார் வண்டியைக் கண்டிராத காலத்து அறிஞர்கள் வகுத்த அளவுகோல் நம் சந்துக்கும் பொருந்துகிறது.

இங்கே நம்மையும் சேர்த்தே சொல்லிக் கொள்கிறேன். 2000 ஆம் ஆண்டின் ஒலி விதிகளும், 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு குறித்து அளித்த தீர்ப்பும் வண்டிக்கு மட்டும் உரியவையல்ல. திருமண வீட்டின் பாட்டுப் பெட்டி, அரசியல் மேடை, எல்லாச் சமயத்தாரின் வழிபாட்டுத் தலம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளுக்கும் வரம்பு உண்டு. நாம் அந்த வரம்பைப் பேணும்போதுதான் பிறரிடம் அமைதியைக் கேட்கும் தகுதி நமக்கு இருக்கும்.

சில மறுப்புகள்

"ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தும் லாரியும் எழுப்பும் ஓசைக்கு முன் என் வண்டி எம்மாத்திரம்?" என்று கேட்கிறார்கள். நெடுஞ்சாலையின் ஓசை தொடர்ந்து வருவது. அருகில் வாழ்பவர் அதற்குத் தக்கபடி சன்னலை அடைத்துக் கொள்கிறார். சந்துக்குள் இரவு இரண்டு மணிக்குத் திடீரென எழும் ஒலிக்கு எந்தச் சன்னலும் போதாது. மேலும், பிறர் செய்யும் தீங்கு நாம் செய்யும் தீங்கிற்கு அனுமதிச் சீட்டாகாது.

"சத்தம் கேட்டால்தான் எதிரே வருபவன் ஒதுங்குவான்; விபத்து நேராது" என்பாரும் உண்டு. புகைக் குழாய் பின்னோக்கி இருக்கிறது. அதன் ஒலி பெரும்பாலும் நாம் கடந்து சென்ற இடத்திற்கே போய்ச் சேர்கிறது. முன்னே செல்பவரை எச்சரிக்க ஹாரனும் விளக்கும் இருக்கின்றன. விபத்தைத் தடுப்பவை நல்ல பிரேக்கும் நிதானமான வேகமும்தான்.

"அசல் பாகம் வாங்க வசதி இல்லை" என்பது மட்டுமே மதிக்கத்தக்க மறுப்பு. அதற்கு அறிவுரையைவிட உதவியே பொருத்தமானது. அதைப் பற்றியும் சொல்கிறேன்.

வேண்டுகோள்கள்

வண்டி உரிமையாளர்களே! சிறு ஓட்டையென்றால் நல்ல வெல்டரிடம் அடைத்துக் கொள்ளுங்கள். மாற்ற வேண்டுமென்றால் உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே செய்யப்பட்ட, உரிய தரமுள்ள பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். இரசீது பெறுங்கள். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கேஸ்கட், தொங்கவிடும் இரப்பர், வெப்பத் தகடு ஆகியவை திரும்ப மாட்டப்பட்டனவா என்று பாருங்கள். பி.எஸ். 6 டீசல் வண்டியில் வடிகட்டி அடைத்துக் கொண்டால், அறுத்தெறிய வேண்டாம். உள்ளூரிலேயே சுற்றும் வண்டியில் அது அடைபடுவது இயல்பு. வண்டியின் கையேட்டில் கூறியபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரித்துச் சுத்தம் செய்து கொள்ளும். விளக்கு அணையாவிட்டால் சர்வீஸ் நிலையத்திற்குச் செல்லுங்கள். நள்ளிரவில் புறப்படுபவர்கள் இயன்றால் வண்டியைச் சந்தின் முனையில் நிறுத்துங்கள். கிளப்பியவுடன் ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் மெல்ல நகருங்கள்.

பழுது பார்க்கும் சகோதரர்களே! வாடிக்கையாளர் கேட்கிறார், நாங்கள் மாட்டுகிறோம் என்கிறீர்கள். அவருக்குச் சட்டம் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அபராதம் அவருக்கு, கூலி உங்களுக்கு என்பது நேர்மையான பங்கீடாகாது. உண்மையைச் சொல்லி நல்ல பாகத்தைப் பரிந்துரையுங்கள். ஒரு வேலையை இழந்தாலும் நம்பிக்கையான கடை என்ற பெயர் நிலைக்கும்.

பெற்றோர்களே! மகனின் வண்டியை ஒரு முறை நீங்களே கிளப்பிக் கேளுங்கள். வாங்கிய நாளில் இருந்த ஒலிதானா என்று பாருங்கள். ரமளானில் தராவீஹ் முடிந்த பின்னும், பெருநாள் இரவிலும் நம் பிள்ளைகள் வண்டிகளில் அணிவகுத்துச் செல்வதை ஊரார் பார்க்கிறார்கள். பகல் முழுவதும் நோன்பிருந்த பிள்ளை, இரவில் ஒரு நோயாளியின் உறக்கத்தைக் கலைத்தால் அந்த நாளின் கணக்கில் நன்மையும் இருக்கும், பிற மனிதருக்குப் பட்ட கடனும் இருக்கும். ஹக்குல் இபாத் எனப்படும் மனித உரிமைக் கடனை, பாதிக்கப்பட்டவர் மன்னிக்காமல் தீர்த்துக் கொள்ள இயலாது. எத்தனை வீட்டுக் கதவைத் தட்டி அவன் மன்னிப்புக் கேட்பான்?

இளவல்களே! உங்களைக் கடிந்து கொள்வது என் நோக்கமன்று. வண்டியின் மீது உங்களுக்கு ஆசை இருப்பது இயல்பு. அந்த ஆசையை அதன் பராமரிப்பில் காட்டுங்கள். நன்றாகப் பராமரிக்கப்பட்ட என்ஜின் அமைதியாகவே ஓடும்.

தொல்லைக்குள்ளாகும் அண்டை வீட்டார்களுக்கும் ஒரு சொல். இரவில் கோபத்தோடு வெளியே வந்து வாக்குவாதம் செய்யாதீர்கள். பகலில் சந்தித்து, ஸலாம் கூறி, வீட்டில் நோயாளி இருப்பதை மென்மையாகச் சொல்லுங்கள். பலர் அறியாமல்தான் செய்கிறார்கள். எடுத்துச் சொல்லியும் கேளாதவரைப் பற்றி நிர்வாகத்தாரிடம் தெரிவியுங்கள்.

நிறைவாக, நிர்வாகக் குழுவின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். நம் பைத்துல்மாலிலிருந்து மருத்துவத்திற்கும் கல்விக்கும் உதவி வழங்குகிறோம். அதே நிதியில் ஒரு சிறு பகுதியை, வண்டியை நம்பிப் பிழைக்கும் ஏழை உறுப்பினர்களுக்குக் 'கர்ளுன் ஹஸன்' எனும் வட்டியில்லா அழகிய கடனாக ஒதுக்க வேண்டும். துருப்பிடித்த சைலன்ஸரைத் தரமானதாக மாற்ற ஒருவருக்கு ஆகும் தொகையை அவர் மாதத் தவணையில் திருப்பிச் செலுத்தட்டும். ஒரு ஓட்டுநருக்குச் செய்யும் அந்த உதவி, ஒரு தெருவுக்கே செய்த உதவியாகும். அதில் பயன் பெறுபவர்களில் நம் சமயத்தைச் சாராதவர்களும் இருப்பார்கள். அவர்கள் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. உறங்கினால் போதும் என்றிருப்பவர்கள். அவர்களுக்குரிய அந்த உறக்கத்தை நாம் கொடுத்துவிடுவோம்.

வல்ல நாயன் அல்லாஹ், நம் கையாலும் நாவாலும் நம் வாகனங்களாலும் எந்தப் படைப்புக்கும் தீங்கு நேராதவாறு நம்மைக் காப்பானாக! உழைத்து உண்ணும் நம் சகோதரர்களின் வருவாயில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.